இங்கர் அன்ரி வரைந்த கோழி

ஞாயிறு காலை தொலைபேசியை எடுத்துப் பேசிய மனைவி, கண் கலங்க என்னிடம் வந்தாள். "இங்கர் அன்ரி மோசம் போயிட்டாவாம். நித்திரையிலயே போயிட்டாவாம். தங்கச்சிக்காரிதான் நோர்வேயிலயிருந்து எடுத்தவ." விடுமுறைக்கென்று தங்கை வீட்டுக்குப் போனவர் இனித் திரும்பி வரமாட்டார்.

ஹரோவில் எங்கள் சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்குப் பிள்ளைகளை அனுப்பிய உங்களுக்கெல்லாம் அவரைத் தெரியும். எண்பதுகளின் தொடக்கத்தில் நோர்வேயிலிருந்து லண்டனுக்கு வந்து, சிறுவர் சித்திரக்கதை வார இதழ் ஒன்றில் ஆண்டுக்கணக்காக வரைந்தவர். பஸ் ஓட்டும் கோழி அவருடைய படைப்பு. அந்தக் கோழி ஒருநாளும் சரியான பாதையில் போனதில்லை. பயணிகளும் ஒருநாளும் கோபித்ததில்லை.

அந்த இதழ் நின்றுபோனபோது இங்கருக்கு அறுபதை நெருங்கும் வயது. பக்கத்து வீட்டுக்காரன் என்ற உரிமையில் ஆறுதல் சொல்லப் போனேன். "எனக்கென்ன, கோழிக்குத்தான் வேலை போய்விட்டது" என்று ஆங்கிலத்தில் சொல்லிச் சிரித்தார். மேசையில் தூரிகைகள் காய்ந்து கிடந்தன. எனக்கும் அப்போது ஒரு கவலை இருந்தது. நான் படிப்பிக்கும் தமிழ் வகுப்பில் பிள்ளைகள் குறைந்துகொண்டே போனார்கள். என் மகளே, "அப்பா, அந்தப் புத்தகம் போரிங். நான் வரேல்லை" என்று சொல்லிவிட்டாள். அதைச் சொன்னதும் இங்கர் யோசிக்கவே இல்லை. "அப்படியானால் கோழிக்குத் தமிழ் படிப்பியுங்கள்" என்றார்.

நான்கு பக்கக் கதை ஒன்றை வரைந்து தந்தார். வசனம் எழுத உட்கார்ந்தபோதுதான் சிக்கல் தெரிந்தது. ஆங்கிலத்துக்கு அளவாக விட்டிருந்த பேச்சுக் குமிழ்களுக்குள் தமிழ் அடங்கவில்லை. சொற்களைக் குறைத்து ஒருவாறு நிரப்பினேன். மகள் வாசித்துவிட்டு, "கோழி ஏன் ரோபோ மாதிரிக் கதைக்குது?" என்று கேட்டாள். நான் அதை ஆங்கிலத்தில் சொன்னதும் இங்கர் எல்லாப் பக்கங்களையும் ஒதுக்கி வைத்தார்.

"உங்கள் மொழிக்கு இடம் வேண்டும். கோழி கொஞ்சம் தள்ளி நிற்கட்டும்."

முழுவதையும் திரும்ப வரைந்தார். பஸ் மூலைக்குப் போயிற்று. குமிழ்கள் வானத்தை நிறைத்தன. "நோர்பரிக்கு எப்பிடிப் போறது?" என்று கோழி பயணிகளிடமே வழி கேட்கும் இடத்தில் வகுப்பே சிரித்தது. அதன்பின் மாதம் ஒரு கதை வந்தது. சனிக்கிழமைகளில் மகள் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வாசலில் நிற்பாள். "கெதியா வாங்கோ அப்பா, லேட்டாகுது."

தமிழ் வாசிக்கத் தெரியாத இங்கர், வகுப்பில் ஓரமாக உட்கார்ந்து பிள்ளைகளின் முகங்களை மட்டும் பார்ப்பார். "சிரிக்காத இடம் என் பிழை" என்பார்.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பார்வைதான். இப்போது வகுப்பில் கதை வாசிக்கும்போது அடிக்கடி தலை நிமிர்த்துகிறேன். எனக்கு முன்னதாகவே அடுத்த பக்கத்தைக் களவாகப் புரட்டும் பிள்ளை ஒன்று எப்போதும் இருக்கும். நான் தடுப்பதில்லை.