குட்டி இல்லாத மூன்று வருஷங்கள்

கல்யாணத்துக்கு முன் குதிரையை நான் கோயில் வாகனமாகத்தான் அறிவேன். கல்கத்தாவுக்கு வந்த சில வருஷங்களில், பந்தயக் குதிரைகளின் தாய்வழியை நான்கு தலைமுறைக்கு மூச்சு விடாமல் ஒப்பிக்கிறவளாகிவிட்டேன். ஹேஸ்டிங்ஸில், பந்தய மைதானத்துக்குப் பக்கத்தில், குதிரைகளை ஏலத்துக்குக் கொண்டுவரும் சின்ன ஏஜென்சி ஒன்றில் டைப்பிஸ்ட் வேலை எனக்கு. கணவர் கார்டன் ரீச்சில் ரயில்வே அதிகாரி. நான் வேலைக்குப் போனதில் அவருக்குப் பெருமையும் இல்லை, ஆட்சேபணையும் இல்லை. எதிலும் அவர் அப்படித்தான்.

குளிர்காலத்தில் ஏலம். அதற்கு முன் கேட்லாக் அச்சாக வேண்டும். ஒவ்வொரு குதிரைக்கும் ஒரு பக்கம். அதில் அதன் தாய், தாயின் தாய், அவளுக்கும் தாய் என்று இறங்கிக்கொண்டே போகும். பெரிய பந்தயம் ஜெயித்த பிள்ளைகளின் பெயருக்குக் கீழே நான் நெளிகோடு போடுவேன்; அச்சகத்தில் அதைத் தடித்த எழுத்தில் கோர்ப்பார்கள். அந்த உலகத்தில் குடும்பம் என்றால் தாய்தான். இனவிருத்திக்கு விடும் ஒரு பொலிகுதிரைக்கு நூறு பிள்ளைகள் இருக்கலாம், அவை ஒன்றுக்கொன்று யாரோ எவரோ. ஒரே தாய் வயிற்றில் பிறந்தவைதான் அண்ணன் தங்கை. அப்பா பெயரையும் கோத்திரத்தையும் சொல்லிச் சொல்லியே வளர்ந்த எனக்கு முதலில் இது சிரிப்பாக இருந்தது. பிறகு மிகவும் பிடித்துப்போயிற்று.

பிடிக்காத ஒன்றும் அதில் இருந்தது. பெருமை தாய் பேரில் ஏறுகிற மாதிரியே பழியும் அவள் பேரில்தான் ஏறும். ஈனும் குதிரையை விற்கும்போது வருஷவாரியாக எழுத வேண்டும்: இந்த வருஷம் ஆண் குட்டி, இந்த வருஷம் பெண் குட்டி, இந்த வருஷம் மலடு. பிறந்த குட்டிக்குப் பக்கத்தில் அப்பாவின் பெயரை ஜம்மென்று போடுவார்கள். மலடான வருஷத்துக்கு எதிரே அந்த ஒற்றைச் சொல் மட்டும் நிற்கும். அவளை யாரிடம் அனுப்பினார்கள் என்பது இருக்காது. ஏன் என்று தலைமை குமாஸ்தாவைக் கேட்டேன். அங்கே எல்லோருக்கும் நான் 'திதி', அதாவது அக்கா. "திதி, பிறக்காத குட்டிக்கு அப்பா எதற்கு?" என்று வங்காளியில் சொல்லிவிட்டு வெற்றிலையைப் போட்டுக்கொண்டார்.

அந்த வருஷம் பூஜை விடுமுறையில் கணவரின் அக்கா மாம்பலத்திலிருந்து வந்தார். எங்களுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம், குழந்தை இல்லை. ராமேஸ்வரம் ஆயிற்று, நாகப் பிரதிஷ்டை ஆயிற்று, பக்கத்து வீட்டு வங்காளி அண்ணி சொன்னாள் என்று காளிகாட் கோயில் மரத்தில் கல் கட்டியதும் ஆயிற்று. பவானிபூரில் ஒரு லேடி டாக்டரிடமும் போனேன். அவர் என்னைத் தொட்டுக்கூடப் பார்க்காமல், "முதலில் கணவரைப் பரிசோதித்துவிட்டு வா, அது சுலபம்" என்று அனுப்பிவிட்டார். கணவர் போகவில்லை. ஃபைல் இருக்கிறது, இன்ஸ்பெக்ஷன் இருக்கிறது என்று இரண்டு வருஷம் ஓட்டினார்.

அக்கா கொண்டுவந்த வடாம், அப்பளத்தோடு ஒரு காகிதமும் வந்தது. இருவரும் சம்மதித்தால் பிரிந்துவிடலாம் என்று அப்போதுதான் சட்டம் வந்திருந்தது. எனக்கு ஜீவனாம்சம் உண்டு, நகையெல்லாம் எனக்கே, தம்பிக்கு வேறு பெண் பார்த்துக்கொள்வார்கள். அக்கா கெட்டவர் இல்லை. கையைப் பிடித்துக்கொண்டு கண்ணில் ஜலத்தோடுதான் சொன்னார். "யோசிச்சு வைம்மா. பங்குனியில வரேன், அப்போ கையெழுத்துப் போட்டாப் போறும்." கணவர் பக்கத்து அறையில் ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். அவர் வேண்டாமென்றும் சொல்லவில்லை, சரியென்றும் சொல்லவில்லை. எனக்கு அக்காவின் மேல் வராத கோபம் அந்த ரேடியோவின் மேல் வந்தது.

இந்த மனநிலையில்தான் அவள் பக்கம் என் மேஜைக்கு வந்தது. பதினாலு வயதுச் செம்பழுப்புக் குதிரை. அவள் தாயும் சித்திகளும் பெற்ற பிள்ளைகளுக்கு நெளிகோடு போட்டே என் பென்சில் தேய்ந்தது. அவளுக்கும் நான்கு குட்டிகள், அதில் இரண்டு ஜெயித்தவை. அப்புறம் வரிசையாக மூன்று வருஷம் மலடு. சொந்தக்காரர் ஒரு சணல் மில் சேட். ஈனும் குதிரையாக ஏலத்தில் போகாவிட்டால் விக்டோரியா முன்னால் சவாரி ஓட்டும் வண்டிக்காரனுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்.

மத்தியானம் லாயத்துக்குப் போய் அவளைப் பார்த்தேன். கிட்டே போனதும் என் முந்தானையைக் கவ்விக் கிழித்துவிட்டாள். "வயசானாலும் திமிர் போகலை திதி" என்று அவளைப் பார்த்துக்கொள்ளும் பீகார்க்காரர் சிரித்தார். எனக்கு அந்தத் திமிர் பிடித்திருந்தது.

பக்கத்தை டைப் செய்ய, பண்ணைகள் வருஷாவருஷம் அனுப்பும் படிவங்களை அலமாரியிலிருந்து எடுத்தேன். எந்தக் குதிரையை எந்தப் பொலிகுதிரையிடம் அனுப்பினார்கள், என்ன ஆயிற்று என்பதெல்லாம் அதில் இருக்கும். மூன்று வருஷமும் அவள் போனது ஒருவனிடம்தான். வெளிநாட்டிலிருந்து வந்தவன், பெரிய பெயர், கேட்லாக்கின் முதல் பக்கத்திலேயே அவனுக்குப் படத்தோடு விளம்பரம். சும்மாதான் மற்றப் படிவங்களையும் புரட்டினேன். முதல் வருஷம் அவனிடம் போன ஏழு குதிரைகளில் இரண்டுக்குக் குட்டி. இரண்டாம் வருஷம் ஒன்றுக்கு. மூன்றாம் வருஷமும் ஏழு போயின, ஒன்றுக்குக்கூட இல்லை.

ஏழு பண்ணையில் ஏழு குதிரைகள், ஏழு பேருக்கும் மலடிப் பட்டம். அவரவர் தங்கள் படிவத்தை மட்டும் பார்த்துத் தங்கள் குதிரையைத் திட்டிக்கொண்டிருந்தார்கள். அவன் பக்கத்திலோ ஜெயித்த பிள்ளைகளின் பட்டியல் மட்டும் மின்னிற்று. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று சும்மாவா சொன்னார்கள்? எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

நான் ஒரு பொய்யும் எழுதவில்லை, ஒரு குற்றமும் சாட்டவில்லை. மலடு என்று எழுதிய ஒவ்வொரு வருஷத்துக்கும் எதிரே அவள் யாரிடம் போனாளோ அவன் பெயரைச் சேர்த்து டைப் செய்தேன், அவ்வளவுதான். அந்த ஏலத்துக்கு வந்திருந்த வேறு மூன்று குதிரைகளும் அவனிடம் போனவை. அவற்றின் பக்கங்களிலும் சேர்த்தேன். பிரதிகளை வழக்கமாக எடுத்துப்போகும் பியூன் வரும்வரை காத்திராமல், தர்மதலாவில் இருந்த அச்சகத்துக்கு நானே நடந்து கொண்டுபோய்க் கொடுத்தேன்.

அச்சான கேட்லாக்கைப் பார்த்த முதலாளி மேஜையைக் குத்தினார். அந்தப் பொலிகுதிரையின் சொந்தக்காரர் எங்களுக்குப் பெரிய வாடிக்கைக்காரர்.

"இவன் பெயரை இங்கே போடச் சொன்னது யார்?"

"படிவத்தில் இருக்கிறது, சார்."

"வழக்கம் இல்லையே!"

"தப்பாக இருந்தால் சொல்லுங்கள், திருத்துகிறேன்."

தப்பு இல்லை. அதுதான் அவருக்குக் கடுப்பு. என்னை வேலையை விட்டு அனுப்பினால் ஏலத்துக்குள் இன்னொருத்தியைத் தேட முடியாது என்பதால் ஒரு மாதம் என்னோடு பேசாமல் இருந்தார். எனக்கு அது சௌகரியமாகவே இருந்தது.

ஏலத்தன்று வாங்க வந்தவர்கள் கேட்லாக்கை முன்னும் பின்னும் புரட்டுவதை ஓரமாக நின்று பார்த்தேன். நான்கு பக்கத்தில் ஒரே பெயர், ஒரே சொல். குதிரைக்காரர்களுக்கு விளக்கம் தேவைப்படவில்லை. பூனா பக்கம் சின்னப் பண்ணை வைத்திருந்த ஒருவர் அவளை எடுத்துக்கொண்டார். மறு வருஷம் அங்கிருந்து வந்த படிவத்தில் வேறொரு பொலிகுதிரையின் பெயரும், பெண் குட்டி என்ற குறிப்பும் இருந்தன.

என் விஷயம் அதற்கு வெகு முன்னாலேயே முடிவுக்கு வந்துவிட்டது. ஏலம் முடிந்த வாரம், சாப்பிடும்போது கணவரிடம் ஏழு குதிரைகளின் கதையைச் சொன்னேன்.

"நான் என்ன குதிரையா?" என்றார்.

"நான் மட்டும் குதிரையா, ஏன்னா?" என்றேன். "ஒன்பது வருஷமும் மலடுன்னு என் பக்கத்துலயே எழுதிண்டிருக்கேள். ஒருதரம் டாக்டர்கிட்ட போயிட்டு வாங்கோ."

மோர் சாதத்தைப் பாதியில் விட்டு எழுந்துவிட்டார். ஆனால் போனார். என்னிடம் சொல்லாமல் போய், வந்த ரிப்போர்ட்டை எனக்குக் காட்டாமல் மாம்பலத்துக்குத் தபாலில் அனுப்பினார். பங்குனியில் அக்கா வந்த மறுநாள் காலையில்தான் நான் அதைப் பார்த்தேன். கணவரிடம் ஒரு குறையும் இல்லை.

"ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார் அக்கா. இந்தத் தடவை கண்ணில் ஜலம் இல்லை. "என் தம்பியை லேபுக்கெல்லாம் அலையவிட்டியே. இப்போ என்ன சொல்றே?"

அவமானமாக இருந்தது, அழுகையும் வந்தது. அந்தச் செம்பழுப்புக் குதிரையின் மேல் எனக்குப் பொறாமைகூட வந்தது. அவளுக்காவது ஏழு படிவங்கள் சாட்சி சொல்லின. அக்கா காகிதத்தை மேஜைமேல் விரித்து, என் பேனாவையே எடுத்து அதன்மேல் வைத்தார். கணவர் எதிரே நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். அந்தப் பேப்பரைப் பார்த்ததும் அழுகை நின்று கோபம் திரும்பி வந்தது.

"சரிக்கா. குறை என்னோடதுதான், வெச்சுக்கோங்கோ. அதுக்காக நான் ஏன் கையெழுத்துப் போடணும்?"

"அவனுக்குக் குழந்தை வேண்டாமாடி?"

"அதை அவர் சொல்லட்டுமே. ஏலத்துல குதிரையைக் குட்டிக்காகத்தான் எடுக்கறா, அதை மறைக்கறதும் இல்லை. இவரும் குட்டிக்காகத்தான் என்னைக் கட்டிண்டேன்னு என் மூஞ்சியைப் பார்த்து ஒருதரம் சொல்லட்டும். சொன்னா இந்த நிமிஷமே போடறேன்."

"சொல்லேண்டா" என்றார் அக்கா.

அவர் பேப்பரை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். "எனக்கு ஆபீஸுக்கு நாழியாறது" என்று ஷூவைத் தேடிக் குனிந்தார்.

அன்று சொல்லவில்லை. அதற்குப் பிறகு நாங்கள் சேர்ந்து வாழ்ந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஒருநாளும் சொல்லவில்லை. நான் பேனாவை மூடிக் கைப்பையில் போட்டுக்கொண்டு டிராமுக்குக் கிளம்பினேன்.