கூரையைக் குறைத்த கார்

என் அளவு நாடா காணாமற்போன அன்றே எனக்கு விளங்கியிருக்க வேண்டும். விளங்கவில்லை. பாரிஸ் லா ஷப்பேலில் ஒரு சேலைக்கடையின் பின்னறையில் இருந்து பிளவுஸ் தைக்கிறவள் நான். தாலிக்கொடிக்கு அடுத்தபடி என் கழுத்தில் கிடக்கிற சாமான் அந்த நாடா. சனிக்கிழமை வீட்டு மேசையில் இருந்தது, ஞாயிற்றுக்கிழமை இல்லை. இவரிடம் கேட்டேன். "எனக்கென்ன தெரியும்?" என்று சேர்ட்டின் கையை மடித்துக்கொண்டே சொன்னார். முப்பது வருசம் கூட வாழ்ந்தவளுக்கு அது பொய் சொல்லுகிற முகம் என்று தெரியாதா? தெரிந்தது. என்ன பொய் என்பதுதான் தெரியவில்லை. அந்த வருசம் முழுக்க எனக்கு இப்படித்தான் போனது.

தொடக்கம் மகள்தான். குளிர் விடாத ஒரு நாள், சாப்பாட்டு மேசையில் வைத்து, தான் ஒரு பிரெஞ்சுப் பெடியனை விரும்புவதாகச் சொன்னாள். லிஃப்ற் திருத்துகிற வேலையாம், வயது இருபத்தொன்பதாம், திரான்சியில் வீடாம். எல்லாவற்றையும் பிரெஞ்சில் சொல்லிவிட்டுக் கடைசியில் மட்டும் தமிழுக்கு வந்தாள். "பப்பா ஓம் எண்டாத்தான் செய்வன். இல்லாட்டி இல்லை."

அதுதான் வில்லங்கம். எதிர்த்துக்கொண்டு போகிற பிள்ளை என்றால் நாலு நாள் அழுது, நாலு மாதம் கதைக்காமல் இருந்து, பிறகு சமாளித்துவிடலாம். இது தகப்பனின் வாயைப் பார்த்துக்கொண்டு நிற்கிற பிள்ளை. தகப்பனோ "பார்ப்பம்" என்றார். இவர் "பார்ப்பம்" என்றால் ஓமாகவும் இருக்கும், இல்லையாகவும் இருக்கும், "சோத்தைப் போடும்" ஆகவும் இருக்கும்.

அன்றிலிருந்து ஒவ்வொரு மத்தியானமும் மகள் தன் அலுவலகத்திலிருந்து எனக்குப் போன் எடுப்பாள். வணக்கம் கிடையாது, சாப்பிட்டாயா கிடையாது. "அலோர்?" என்பாள். பிறகென்ன, பப்பா என்ன சொன்னார் என்று அர்த்தம். நானும் வாயில் குண்டூசியை வைத்துக்கொண்டே "தெரியாது பிள்ளை" என்பேன்.

பெடியன் ஒருநாள் கேக் பெட்டியோடு வீட்டுக்கு வந்தான். சோபாவின் விளிம்பில் பரீட்சைக்கு வந்தவன் மாதிரி இருந்தான். இவர் ஒன்றும் கேட்கவில்லை. கேக்கைச் சாப்பிட்டார், வாயைத் துடைத்தார், ஜன்னலால் கீழே ரூ பஜோல் தெருவைப் பார்த்தார். அந்த மௌனம் தாங்காமல் பெடியன் தன் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். அவனுடைய பேரன், தகப்பனைப் பெற்றவர், ஓடித்திரிந்த பழைய நாலு கதவுக் கார். லா கூர்னெவ்வில் ஒரு வாடகைக் கொட்டிலில் கனகாலமாகச் சும்மா நிற்கிறதாம். இவர் கண்ணாடியைப் போட்டு, படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"கதவுக்குக் கீழை முழுக்கத் துரு" என்றார்.

வருங்கால மருமகனிடம் இவர் சொன்ன முதல் வசனம் அதுதான். மகள் மொழிபெயர்த்தாள். பெடியன் முகம் மலர்ந்துவிட்டது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலமை இவர் என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் லா கூர்னெவ்வுக்குப் போய்விட்டார்.

இவர் இங்கே ரெஸ்ரோறண்டில் சமையல். ஊரில் ஆறு வருசம் கராஜ் ஒன்றில் தகரம் தட்டி நெளிவெடுத்தவர். அது எனக்குத் தெரியும். ஆனால் பாரிசுக்கு வந்தபிறகு ஒரு ஆணியைக்கூடச் சுவரில் அடித்ததில்லை. ஏன் போகிறார்? பெடியனைச் சோதிக்கவா, பழக்கம் பிடிக்கவா, விரட்டவா? மகளைக் கேட்டேன். அவள் அந்தக் காரைப் பற்றித்தான் விளக்கினாள். அவன் செய்யப்போவதற்கு ஹொட் ரொட் என்று பெயராம். அமெரிக்காவில் முந்தி காசில்லாத பெடியள் பழைய கார்களை வாங்கி, பாரமான எல்லாவற்றையும் கழற்றி எறிந்து, கூரையைத் தாழ்த்தி, பெரிய என்ஜின் பூட்டிப் பறந்து திரிந்தார்களாம். அந்தக் காலத்து முறையிலேயே, பழைய பாகங்களைக் கொண்டே இவனும் செய்கிறானாம். பழைய காரை எடுத்து அதைவிடப் பழசாக்குவதா? எனக்கு ஒரு மண்ணும் விளங்கவில்லை.

நாலாவது ஞாயிறு சோற்றுப் பார்சல் கட்டிக்கொண்டு நானே போனேன். கொட்டில் வாசலில் நின்று பார்த்தேன். நாலு மட்காட்டும் கழற்றிச் சுவரில் சாய்த்துக் கிடக்கின்றன. முன் மூடி இல்லை. என்ஜினும் இல்லை. காரின் கூரையை அப்படியே அறுத்து எடுத்து, நிலத்தில் தொட்டி மாதிரிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. பக்கத்தில் இவர், கையில் கிரைண்டரோடு.

"ஐயோ, என்னப்பா செய்து வைச்சிருக்கிறியள்! விருப்பமில்லாட்டி இல்லையெண்டு வாயாலை சொல்லுறதுதானே? அந்தப் பிள்ளையின்ரை பேரன் வைச்சிருந்த காரை இப்பிடியே அறுக்கிறது?"

இவர் பாதுகாப்புக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "கத்தாதையும். அவன்தான் அறுக்கச் சொன்னவன்."

காருக்கு அடியிலிருந்து பெடியன் ஊர்ந்து வந்தான். முகமெல்லாம் கிறீஸ், முப்பத்திரண்டு பல்லும் வெளியே. "போன்ஜூர் மதாம்!" என்றான். கூரையைத் தாங்குகிற தூண்களில் பத்து சென்டிமீற்றரை வெட்டிவிட்டு, திரும்பக் கூரையைக் கீழே இறக்கி ஒட்டப்போகிறார்களாம். கையை வைத்து வைத்துக் காட்டினான். ஏன் என்று கேட்டேன். "வடிவாயிருக்கும்" என்று இவர் சொன்னார், ஏதோ பிறந்ததிலிருந்து கூரை வெட்டினவர் மாதிரி. யாருக்கு விசர், ஒருவருக்கா இரண்டு பேருக்குமா என்று யோசித்தபடியே நான் சோற்றைப் பிரித்தேன். இரண்டு பேரும் ஒரே பார்சலில் சாப்பிட்டார்கள். பெடியனுக்கு உறைப்பில் கண்ணீர் வந்தது. இவர் தண்ணீர்ப் போத்தலை அவன் பக்கம் தள்ளிவிட்டார்.

வீட்டுக்கு வந்து தேத்தண்ணி கொடுக்கும்போது மெல்லக் கேட்டேன். "பெடியன் எப்பிடி?"

"வெல்டிங் பிடிக்கத் தெரியுது."

"நான் அதைக் கேக்கேல்லை."

"நான் அதுக்குத்தான் சொன்னனான்."

இதை வைத்து மகளுக்கு நான் என்ன சொல்வது? "தெரியாது பிள்ளை" என்றே சொன்னேன்.

கூரை இறங்கியது. அதன்பிறகுதான் வந்தது வினை. ஊர்க் கராஜில் ஒட்டின அடையாளம் தெரிகிற காரை வெளியே விட்டால் முதலாளி பிடரியில் போடுவாராம். அந்தப் பழக்கம் இவரை விடவில்லை. ஒரு நாள் லீவு எடுத்து, பெடியனுக்குச் சொல்லாமல், தனியே போய், ஒட்டுப்போட்ட இடம் முழுவதும் பள்ளம் நிரப்புகிற பசையைப் பூசி, நாள் முழுக்க உரஞ்சி, மேலே பளபளவென்று சிவப்புப் பெயின்ற் அடித்துவிட்டு வந்தார். "நாளைக்குப் பாரும், அவன் மயங்கி விழப்போறான்" என்று என்னிடம் சிரித்தார். இவர் சிரித்தது என் வயிற்றிலும் கொஞ்சம் பால் வார்த்தது.

மறுநாள் ஞாயிறு. மத்தியானத்துக்கு முன்னமே திரும்பி வந்துவிட்டார்.

"அவனுக்கு என்ரை வேலை பிடிக்கேல்லை" என்றார். பெடியன் மெர்சி என்று இரண்டு தரம் நன்றி சொன்னானாம். பிறகு ஒரு மூலையில் இருந்து ஆணிகளைத் தரம் பிரித்தானாம். வேறு ஒரு கதையும் இல்லையாம்.

அதற்குப் பிறகு மூன்று ஞாயிறும் இவர் சாரத்தைக் கட்டிக்கொண்டு ரீவிக்கு முன்னால் கிடந்தார். மகளின் "அலோர்?" நின்றுவிட்டது. அவள் போன் எடுத்தால் சீனி முடிந்துவிட்டதா, பால் வேண்டுமா என்று கேட்டாள். ஒரு டப்பா பெயின்றிலா என் பிள்ளையின் வாழ்க்கை கவிழ வேண்டும்?

பிறகு ஒருநாள் பெடியன் எங்கள் கடைக்கே வந்தான். சேலை பார்க்க வந்த பெண்களுக்கு நடுவில், காது சிவக்க, கையைப் பிசைந்துகொண்டு நின்றான். பின்னறைக்குக் கூட்டிப்போனேன். மெதுவாக, எனக்கு விளங்குகிற பிரெஞ்சில் சொன்னான். மதாம், முசியேயின் வேலை அளவுக்கு மிஞ்சி அழகு, ஒரு கோடு தெரியவில்லை. ஆனால் இந்த மாதிரிக் காரில் ஒட்டுத் தெரியவேண்டும், யாரோ கையால் வெட்டி ஒட்டியது என்று பார்க்கிறவன் அறியவேண்டும். அதைச் சுரண்டச் சொல்லி அவரிடம் நான் எப்படிச் சொல்வது? நீங்கள்தான் சொல்லவேண்டும்.

நான் தையல்காரி. தையல் வெளியில் தெரிந்தால் காசைத் திருப்பிக் கேட்கிறவர்களோடுதான் என் சீவியம். இவன் ஒட்டைக் காட்டு என்கிறான். விளங்காவிட்டாலும் பரவாயில்லை என்று கேட்டதை அப்படியே கொண்டுபோய் இவரிடம் ஒப்பித்தேன்.

"உங்கடை வேலை திறமாம். கூடத் திறமாய்ப் போச்சாம். அதாலைதான் பிடிக்கேல்லையாம்."

"விசரே உவனுக்கு?"

"ஒட்டுத் தெரியவேணுமாம்."

"என்ரை வெல்டிங் வெளியிலை தெரியவேணுமாமோ?"

"ஓமாம்."

இவர் எழும்பிப் போய்த் தன் கோப்பையைத் தானே கழுவினார். கலியாணம் கட்டின நாளிலிருந்து நான் காணாத காட்சி. "இதுவரைக்கும் ஒருத்தரும் என்னட்டை அப்பிடிக் கேட்டதில்லை" என்றார். அந்த ஞாயிறு விடிய ஏழு மணிக்கே போய்விட்டார். பூசினதையெல்லாம் தன் கையாலேயே சுரண்டி எடுத்தாராம்.

போனாரே தவிர, வாய் திறந்தாரா? இல்லை. கோயில் தேர்த் திருவிழாவும் முடிந்து இரண்டு கிழமையாகிவிட்டது. ஒரு ஞாயிறு, இவர் வெளிக்கிட்டுப் போனபிறகு, அலுமாரிக்கு மேலே இருக்கிற சூட்கேஸை இறக்கினேன். கடைக்கு வந்த ஒருத்திக்கு மாதிரி காட்ட என் கூறைச்சேலை வேண்டியிருந்தது. சேலை இருந்தது. இவருடைய பட்டு வேட்டி இருந்தது. தலைப்பாகை இருந்த தகரப்பெட்டி மட்டும் வெறுமையாகக் கிடந்தது.

கலியாணத்தன்று இவர் தலையில் வைத்த தலைப்பாகை. அதைச் செல் அரிக்காமல், கசங்காமல், எத்தனை வீடு மாறியும் காப்பாற்றி வந்தவள் நான். எறிந்துவிட்டார். எனக்கு அப்படித்தான் தோன்றியது. இந்த வீட்டில் இனித் தலைப்பாகைக் கலியாணம் இல்லை என்று சொல்ல வாய் வராமல், தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டார். கதிரையில் இருந்து அழுதேன். அழுது முடியக் கோபம் வந்தது. வீட்டுச் செருப்பை மாற்றவும் மறந்து, கார் து நோர் ஸ்டேசனில் ரயில் ஏறினேன். இன்றைக்கு இரண்டில் ஒன்று கேட்காமல் வருவதில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

கொட்டில் கதவு பாதி திறந்திருந்தது. காரின் பின்சீற்றில் பெடியன் எண்ணெய் பிடித்த வேலைச்சட்டையோடு இருக்கிறான். அவன் தலையில் என் புருசனின் தலைப்பாகை. குஞ்சம் கூரையில் முட்டி மடங்க, கழுத்தை ஒரு பக்கம் சரித்துக்கொண்டு, மூச்சும் விடாமல் இருக்கிறான். இவர் கதவுக்குள் பாதி உடம்பை நுழைத்துக்கொண்டு அளக்கிறார். கையில் என்னுடைய நாடா.

"அசையாதை எண்டெல்லோ சொன்னனான்" என்று தமிழில் ஏசுகிறார். அவனும் அசையவில்லை.

"என்னப்பா இது?" என்றேன்.

திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "முட்டுது."

"என்ன முட்டுது?"

"தலைப்பாகை. வெறுந்தலைக்கு அளந்து வெட்டிப்போட்டன். அப்ப எனக்கு இது மூளையிலை ஓடேல்லை. கலியாணத்தண்டைக்கு இவன் இப்பிடியே வந்து இறங்குறது? சனம் மாப்பிளைக்குக் கழுத்துச் சுளுக்கு எண்டெல்லோ சொல்லும்."

கலியாணத்தண்டைக்கு. எத்தனை மாதமாக அந்த ஒரு சொல்லுக்குக் காத்திருந்தேன்! அது போயும் போயும் ஒரு தகரக் கூரையைப் பார்த்து வருகிறது.

"எந்தக் கலியாணம்?" என்றேன்.

"விசர்க்கதை கதையாதையும். எங்களுக்கு எத்தினை பிள்ளை?"

எனக்கு இவரைக் கட்டிப்பிடிக்கவும் வேண்டும்போல் இருந்தது, பக்கத்தில் கிடந்த சுத்தியலால் ஒன்று போடவும் வேண்டும்போல் இருந்தது. "எனக்கொரு வார்த்தை சொல்லேலாதே? பிள்ளைக்குச் சொல்லேலாதே?" என்று கத்தினேன்.

"கூரை சரிவந்தாப்பிறகு சொல்லுவம் எண்டிருந்தன்."

பெடியனுக்கு எங்கள் சண்டை விளங்கவில்லை. தலைப்பாகையைக் கழற்றவும் பயந்து, சரித்த கழுத்தோடேயே உள்ளங்கையைக் கீழே கீழே இறக்கிக் காட்டினான். சீற்றின் காலை வெட்டி நிலத்தோடு பூட்டலாமாம். இவர் நாடாவை வைத்துப் பார்த்தார். ஏழு சென்டிமீற்றர் கிடைக்கும், போதும் என்றார். "பிள்ளை சாரியோடை நிலத்திலையே குந்தியிருக்கிறது?" என்று நான் சண்டையைத் தொடர்ந்தேன். அந்தக் காருக்கு இன்னும் என்ஜினே வரவில்லை என்பது மூன்று பேருக்கும் ஞாபகம் வரவில்லை.

அப்போது என் போன் அடித்தது. மகள். நான் எடுத்துக் காதில் வைக்காமல் இவரிடம் நீட்டினேன். "நீங்களே சொல்லுங்கோ."

கிறீஸ் கையைச் சாரத்தில் துடைக்கிற மாதிரிக் காற்சட்டையில் துடைத்துவிட்டு வாங்கினார். ஓம் என்று சொல்லுவார் என்று பார்த்தேன். அவராவது சொல்லுவதாவது.

"பிள்ளை, நீ சீற்றிலை இருந்தா தலைவரைக்கும் எத்தினை சென்டிமீற்றர் வரும்? கொண்டையோடை. பூவும் வைச்சு."

அந்தப் பக்கம் அவள் ஓவென்று அழுத சத்தம் நான் நின்ற இடத்துக்கே கேட்டது.

இவர் பயந்துபோய்ப் போனைக் காதிலிருந்து விலக்கி என்னைப் பார்த்தார். "அளவுதானே கேட்டனான்," என்றார். "உவள் ஏன் அழுறாள்?"