மக்காச்சோள பூட்ஸ்

ஒரு ஜோடி பூட்ஸ் வாங்க மூன்று வாரம் படித்தவன் நான். கல்லூரியில் எந்தத் தேர்வுக்கும் அவ்வளவு படித்ததில்லை. மாட்டுத்தோல் கூடாது, பிளாஸ்டிக் அதைவிடப் பாவம், ஒட்டும் பசைகூட மண்ணைக் கெடுக்கக்கூடாது என்று அலைந்து, கனடாவின் இந்தக் குளிரூரில் மக்காச்சோளத்திலிருந்து செய்த பூட்ஸைக் கண்டுபிடித்தேன். ‘மண்ணில் மக்கும்’ என்று அட்டை சொன்னது. எத்தனை நாளில் மக்கும் என்று கேட்டேன். கடைப்பெண் நான் பயப்படுவதாக நினைத்துக்கொண்டு, “கவலைப்படாதீர்கள், பல வருடம் உழைக்கும்” என்று ஆறுதல் சொன்னாள்.

அதைப் போட்டுக்கொண்டுதான் ஐப்பசியில் எங்கள் ஊரான எப்போதும்வென்றானுக்குப் போனேன். அங்கே நிலத்தைப் பார்ப்பவன் என் தம்பி. முன்பெல்லாம் என்ன விதைக்கலாம் என்று போனில் கேட்பான். உரம் போடாதே, மருந்தடிக்காதே என்று நான் கடல் தாண்டி உபதேசிக்கத் தொடங்கியதும் கேட்பதை நிறுத்திவிட்டான். இரண்டு வருடமாகப் பட்டாவில் என் பெயர் இருக்கிறது, பேச்சில் இல்லை. அந்தப் பேச்சை மீட்கத்தான் போனேன்.

பூட்ஸைப் பார்த்து அதன் கதையைக் கேட்டவன், “சோளமா? அப்பம் படைப்புழு விழுமே. மருந்தடிக்கணும்லா?” என்றான். இரண்டு வருடத்தில் அவன் என்னிடம் கேட்ட முதல் விவசாயக் கேள்வி.

மறுநாள் மழை வெறித்ததும், அவன் விதைத்திருந்த காட்டுக்குப் போனோம். வரப்பில் செருப்பைக் கழற்றிவிட்டு இறங்கினான்.

“கழத்திட்டு வாங்கண்ணே. இது கரிசலு.”

நனைந்த கரிசலில் யாரும் செருப்போடு இறங்குவதில்லை. ஐந்து வயதில் எனக்கும் தெரிந்திருந்தது. பதினெட்டு வருடம் பனியில் நடந்தவனுக்கா சொல்கிறாய் என்று இறங்கினேன். ஐந்தாவது எட்டில் ஒவ்வொரு காலும் ஒரு குடம் கனத்தது. பத்தாவது எட்டில் இடதுகால் பூட்ஸின் மேல்பாகத்தோடு மட்டும் வந்தது. மண்ணைக் கெடுக்காத பசை மண்ணோடு சமாதானமாகிவிட்டது. அடி உள்ளேயே நின்றுகொண்டது.

மண்வெட்டி கேட்டேன்.

“வெதச்ச எடத்தத் தோண்டுதேங்கியளே! கெடக்கட்டும். மக்கும்னுதான எழுதிருக்கு?”

வலது பூட்ஸையும் அடியில்லாத இடதையும் எறிய மனமில்லாமல் இங்கே கொண்டுவந்து வாசலருகே வைத்திருக்கிறேன். பனி பெய்யும்போது பார்ப்பேன். மிச்சம் அங்கே கிடக்கிறது.

கோடையில் தம்பி தானாகவே கூப்பிட்டான். உழவு போட்டிருக்கிறானாம். நிலத்தைப் பற்றி என்னிடம் பேசுகிறானே என்று போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“ஒங்க பூட்ஸு அடிய கலப்ப மேல தள்ளிட்டுண்ணே. புதுசு கணக்கா கெடக்கு. புழுகூடத் தொடல. என்ன உரம் போட்டா மக்கும்னு நீங்கதான் சொல்லணும்.”