ரங்கூன் அக்கா போடாத கையெழுத்து

ரங்கூன் அக்கா போய்விட்டார் என்ற செய்தியை அப்பாதான் கொண்டுவந்தார். சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்து, "சாயங்காலம் அடக்கம். நீயும் வாம்மா" என்றார்.

உறையூரில் உங்களில் பலருக்கு அவர் பெயர் ஆரோக்கியமேரி என்பது தெரிந்திருக்காது. பர்மாவில் பிழைப்பு போனபின் இரண்டு பிள்ளைகளோடு கப்பலேறி வந்தவர். அங்கே சுருட்டு சுற்றிப் பழகிய கை. அப்பா வேலை பார்த்த சுருட்டுக் கொட்டகையில் முதலாளி சொன்ன கூலிக்குச் சம்மதித்துச் சேர்ந்தார். இங்கே வழக்கமான கூலி என்ன என்று அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவுமில்லை. அடுத்த வாரமே முதலாளி, "அந்தம்மாவுக்குக் கட்டுப்படியாகுது, உங்களுக்கு ஆகாதா?" என்று எல்லோருடைய கூலியையும் குறைத்துவிட்டார்.

அன்று எங்கள் வீட்டில் கொட்டகை ஆட்கள் பதினோரு பேர் கூடினார்கள். "கப்பல்காரி வந்தா, நம்ம பொழப்புல மண்ணு விழுந்துச்சு" என்றார் ஒருவர். "எழுதும்மா, பி.ஏ. படிச்சது எதுக்கு?" என்றார் அப்பா. தெருவில் எல்லோருக்கும் மனு எழுதுகிறவள் நான்தான். படித்தது பொருளாதாரம். கூலியைக் குறைத்தது யார் என்று எனக்குத் தெரியும். பெரியவர்கள் முன்னால் வாய் திறக்கக் கூச்சம். அக்காவை வேலையிலிருந்து நிறுத்தச் சொல்லி முதலாளிக்கு எழுதிக் கொடுத்தேன்; பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நிறுத்தினார்கள். கூலி மட்டும் ஏறவில்லை.

பத்து நாள் கழித்து அக்காவே வெள்ளைத் தாளோடு வந்தார். பர்மாவிலிருந்து வந்தவர்களுக்கான தொழில் கடனுக்கு மனு வேண்டுமாம்.

"முதலாளி அந்தக் கடுதாசியைக் காட்டினாரு. எழுத்து முத்து முத்தா இருந்துச்சு. நீ எழுதினா நடக்குது தங்கச்சி, அதான் வந்தேன்" என்று சிரித்தார்.

நான் தாளை வாங்கி மனுவை எழுதத் தொடங்கினேன். பிறகு சிரிக்காமல் சொன்னார்: "எல்லாருக்கும் பழைய கூலி குடுங்கன்னு எழுதியிருந்தா நானும் கையெழுத்துப் போட்டிருப்பேனே. எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல?"

கடன் கிடைத்ததும், பழைய கூலிக்கே ஆள் வைத்து அவர் தனிக் கொட்டகை போட்டதும், அவரை நிறுத்தச் சொன்ன மனுவில் கையெழுத்துப் போட்ட நாலு பேர் அங்கே போய்ச் சேர்ந்ததும் நீங்கள் அறிந்ததே. அதில் அப்பாவும் ஒருவர். இருக்கிற ஆட்களும் போய்விடுவார்கள் என்று பயந்து முதலாளியும் கூலியை ஏற்றினார்.

அப்பாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகும்போதெல்லாம், "என்ன தங்கச்சி, பேனா சௌக்கியமா?" என்பார் அக்கா. நான் தலை குனிந்து திரும்பிவிடுவேன். மன்னிப்புக் கேட்க எனக்கு நான்கு வருடம் இருந்தது. கேட்கவில்லை.

அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்த ஒரு கேள்விதான். இப்போது யார்மேல் மனு எழுதச் சொன்னாலும், முதலில் அந்த ஆளிடமே போய் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத்தான் பேனாவை எடுக்கிறேன்.

அக்காவைப் பற்றிய இதை மட்டும் அவரிடம் கேட்காமல் எழுதியிருக்கிறேன்.