பெண்கள் வரிசையில் முழங்காலிட்டவன்

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். யாரிடமும் கை நீட்டாமல் வளர்த்தேன். வேதப்புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசித்துப் படித்த எழுத்து இது; பிழை இருந்தால் இருக்கட்டும்.

மூத்தவனுக்குச் சாலைக் கடைத்தெருவில் அரிசிக்கடை. ஒரு நாள் காலையில் அவனுக்கும் அவன் அப்பாவுக்கும் கடை விஷயமாய் வாய்த்தர்க்கம். கோபத்தோடு போனவன் போனை அணைத்து வைத்துவிட்டான். மத்தியானம் அவருக்கு நெஞ்சுவலி. நான் கூப்பிட்டுக் கூப்பிட்டுப் பார்த்தேன். அவன் வந்தபோது அவர் இல்லை. "அவன் சாப்பிட்டானா?" என்றுதான் கடைசியாய்க் கேட்டார். அதை அவனிடம் அன்றைக்கே சொன்னேன். ஆறுதலுக்குச் சொல்வதாக நினைத்துக்கொண்டான்.

அதற்குப் பிறகு ஆலயத்துக்கு வருவான், திருவிருந்தில் அப்பமும் ரசமும் வாங்க மட்டும் எழும்ப மாட்டான். "தகுதியில்லாம வாங்கினா ஆக்கினைத்தீர்ப்புன்னு வேதத்துல இருக்கில்லாம்மா? எனக்கு மன்னிப்பு கெடையாது" என்பான்.

எங்கள் ஆலயத்தில் முதலில் ஆண்கள் போய்ப் பீடத்தண்டை முழங்காலிடுவார்கள், பிறகு பெண்கள். போன மாதம் ஆண்கள் எல்லாரும் வாங்கித் திரும்பினார்கள். அவன் மட்டும் பெஞ்சில் தலை குனிந்திருந்தான். எனக்கு முட்டு மடங்காது, மடங்கினால் நிமிராது. ஆனாலும் பீடத்து முன்கம்பியைப் பிடித்து நானே இறங்கி நானே எழும்புவேன். மருமகள் பிடிக்க வந்தாலும் விடமாட்டேன். அன்று நேரே ஆண்கள் பக்கம் போய் அவன் முன்னால் கையை நீட்டினேன்.

"பிடி மக்களே. முட்டு வய்யா."

"நான் வரப்படாதும்மா. இப்ப பெண்ணுங்களாக்கும் போறது."

"உன்னை ஆரு கூப்பிட்டா? உன் கையைத்தானே கேட்டேன்."

வந்தான். என்னை இறக்கிவிட்டுத் திரும்பப் பார்த்தான். நான் பிடியை விடவில்லை. பக்கத்தில் அவனும் முழங்காலிட வேண்டியதாயிற்று. பின்னால் நின்ற என் நாத்தனார், "இதாரு, புதுப்பொண்ணா?" என்றாள். அவளுக்கு எந்த இடத்திலும் வாய் அடங்காது.

போதகர் அப்பத்தோடு அவன் முன்னால் வந்து நின்றார். அவன் விரல்கள் மூடியே இருந்தன.

"அப்பா கேட்டாரில்லியா, நீ சாப்பிட்டியான்னு. இப்ப சாப்பிடு மக்களே" என்றேன்.

போதகர் நகரவில்லை. நானும் அசையவில்லை. பிறகு அவன் கையை விரித்தான்.

எழும்பும்போது நான் கம்பியைத் தொடவில்லை, அவன் கையைப் பிடித்தே எழும்பினேன்.

இது மலையாள நாடு; அவன் மகள் பள்ளியில் படிப்பதும் மலையாளம்தான். தமிழும் தட்டித் தடவி வாசிப்பாள். இதை எழுதி முடித்ததும் அவளைக் கூப்பிட்டேன்.

"மக்களே, இதை ஒருக்கா வாசி, கேக்கட்டு. சத்தமா வாசி, கேட்டியா. உங்க அப்பன் வாசல்ல செருப்பு கழத்துறான்."