வியாழக்கிழமையின் நாற்பத்தேழு நிமிடம்

அவளுக்கு உட்காரத் தெரியாது. உட்கார்ந்து செய்கிற வேலையில் பதினோரு வருடம் தாக்குப்பிடித்தவளைப் பற்றி இப்படிச் சொல்வது அபாண்டம்தான். ஆனால் பக்கத்து மேசைக்காரனைக் கேட்டுப் பாருங்கள். மேசைக்கடியில் அவளுடைய வலது கால் தையல் மெஷின் மிதித்துக்கொண்டே இருக்கும். அவனுடைய தண்ணீர் பாட்டிலில் எந்நேரமும் அலையடிக்கும். அவன் அவளைவிட எட்டு வயது சின்னவன். வாடிக்கையாளர் எதைக் கேட்டாலும் பழைய பதில் ஒன்றை வெட்டி ஒட்டி அனுப்பிவிடுவான் என்பதால் அலுவலகத்தில் அவனுக்குப் ‘பசை’ என்று பெயர்.

“அக்கா, காலை நிறுத்துங்க. என்னைக்காவது பூகம்பம்னு நெனச்சு எந்திரிச்சு ஓடிடப் போறேன்.”

“ஓடு. உன் கேள்விக்கும் நானே பதில் எழுதிக்கறேன். இப்பவும் அதானே நடக்குது.”

அவர்களுடைய நிறுவனம் நடத்துவது ஒரு தகவல் பகிர்வுத் தளம். ஒருவர் மொட்டைமாடியில் ஆறு வருடம் மழையை அளந்திருப்பார். இன்னொருவர் ஜன்னலோரம் உட்கார்ந்து எந்தக் குருவி எத்தனை மணிக்கு வந்தது என்று குறித்திருப்பார். வீட்டில் யாரும் சீண்டாத அந்த அட்டவணைகளைத் தளத்தில் ஏற்றினால், உலகத்தில் யார் வேண்டுமானாலும் இறக்கி ஆராயலாம். ஏற்றிய ஒவ்வொன்றுக்கும் ஒரு நிரந்தர எண் உண்டு. நிரந்தரம் என்றால் நிரந்தரம்தான், அழிக்க முடியாது. மிகவும் கெஞ்சினால் திரும்பப் பெறலாம். அப்போதும் ‘இந்தத் தலைப்பில் இங்கே ஒன்று இருந்தது, இன்ன காரணத்தால் எடுக்கப்பட்டது’ என்று அந்த இடத்தில் ஒரு நடுகல் நிற்கும்.

இவள் வேலை, ஏற்றியவர்களின் புலம்பலுக்குப் பதில் சொல்வது. ‘தொலைபேசி எண்களின் முன்னால் இருந்த பூஜ்யங்களை உங்கள் தளம் விழுங்கிவிட்டது’ என்பார் ஒருவர். ‘பறவைக் கணக்குக்குப் பதிலாக மகளின் கல்யாண விருந்தினர் பட்டியலை ஏற்றிவிட்டேன், நாற்பது பேர் இறக்கியிருக்கிறார்கள், அவர்களும் வருவார்களா?’ என்று ஒருவர் நடுங்கிப்போய் எழுதியிருந்தார். நான்கு மணி நேரத்துக்குள் பதில் போகாவிட்டால் கேள்வி ஆரஞ்சு நிறமாகும். எட்டு மணி நேரத்தில் சிவப்பு. சிவப்பானால் டீம் லீடரம்மாவும் சிவப்பாவார்.

எந்தக் கோளாறானாலும் இவள் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: ‘கடைசியாக உங்கள் பக்கம் ஏதாவது மாற்றினீர்களா?’ எல்லோரும் சொல்லும் பதிலும் ஒன்றுதான்: ‘ஒன்றும் மாற்றவில்லை.’ மூன்று மின்னஞ்சல் போய்வந்த பிறகு, ‘கம்ப்யூட்டரை மட்டும் புதிதாக வாங்கினேன்’ என்று வரும். பதினோரு வருடத்தில் இந்த ஒரு பொய்யைத்தான் அவள் ஐயாயிரம் முறையாவது கேட்டிருப்பாள்.

இனி வீட்டுக்காரர். அவர் லிஃப்ட் மெக்கானிக். ஊரில் பாதிப் பேர் நாலாவது மாடிக்கும் அஞ்சாவது மாடிக்கும் நடுவில் நின்றுகொண்டு அவரைத்தான் நினைத்துக்கொண்டிருப்பார்கள். மிச்ச நேரத்தில் இவள் நினைத்துக்கொண்டிருப்பாள். தினமும் சாயங்காலம் போன் வரும். “கிளம்பிட்டேன், இருபதே நிமிஷம்.” அந்த இருபது நிமிடம் எந்தக் கடிகாரத்திலும் இல்லாத நிமிடம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு நாள், “அஞ்சு நிமிஷம்” என்றவர் ஒன்றே முக்கால் மணி நேரம் கழித்து வந்து, “சாப்ட்டியா?” என்று கேட்டார். அவள் கம்ப்யூட்டரைத் திறந்து ஒரு அட்டவணை போட்டாள். தேதி, கிழமை, அவர் சொன்ன வாசகம், சொன்ன நிமிடம், ஆன நிமிடம். அடுத்த சண்டையில் முகத்துக்கு நேரே நீட்டலாம் என்று திட்டம். சண்டை வந்தது, போனது, மறுபடி வந்தது. அட்டவணை மட்டும் வெளியே வரவேயில்லை. சேர்த்துக்கொண்டே போனாள். சிலர் பல் தேய்ப்பது மாதிரி, ராத்திரி படுக்குமுன் ஒரு வரி. ஆயிரத்து நூற்றிருபத்தாறு வரி ஆயிற்று.

அது ஊருக்குத் தெரிந்தது அவளுடைய கடமை உணர்ச்சியால்தான். தமிழில் தலைப்பு வைத்த அட்டவணையை ஏற்றினால் எழுத்தெல்லாம் கட்டம் கட்டமாக விழுகிறது என்று ஒரு புகார். பசையாக இருந்தால், ‘உங்கள் சிரமத்தைப் புரிந்துகொள்கிறோம்’ என்று ஒட்டிவிட்டு டீ குடிக்கப் போயிருப்பான். இவளுக்குத்தான் கை சும்மா இருக்காதே. தானே ஏற்றிப் பார்த்துவிடலாம் என்று நினைத்தாள். தமிழ்த் தலைப்போடு கைவசம் இருந்தது அந்த ஒரு அட்டவணை. சோதனைக்கென்று தனித் தளம் உண்டு. அசல் மாதிரியே இருக்கும், உச்சியில் ஒரு மஞ்சள் கோடு மட்டும் வித்தியாசம். அவசரத்தில் அந்தக் கோடு இல்லாததைக் கவனிக்கவில்லை. எழுத்துகள் அழகாக வந்தன. அதைவிட அழகாக, கீழே ஒரு நிரந்தர எண்ணும் வந்தது.

ஏற்றியவர் பெயர் ‘உதவிக் குழு’ என்றுதான் இருந்தது, அவ்வளவு புண்ணியம் மிச்சம். திரும்பப் பெறலாமா என்று யோசித்தாள். காரணம் எழுத வேண்டும். என்ன எழுதுவது? ‘புருஷன் பார்த்துவிடுவார்’ என்றா? அதுவும் நடுகல்லில்? யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டாள். பத்து நாளில் ஐம்பத்து மூன்று பேர் இறக்கியிருந்தார்கள்.

பசைதான் முதலில் கண்டுபிடித்தான்.

“அக்கா, இங்க வாங்களேன். எவளோ ஒரு மகராசி புருஷனுக்கு வருகைப் பதிவேடு போட்டு வச்சிருக்கா. ‘தெருமுனையில நிக்கிறேன்’னு அந்தாளு சொன்னா சராசரியா இருபத்தாறு நிமிஷமாம். எத்தனை கிலோமீட்டர் தெரு அது?”

“உனக்கு வேற வேலை இல்லியா?”

“பாவம்க்கா அந்த மனுஷன்.”

“எந்த மனுஷன்? அவர் என்ன பாவம்? அவ பாவமாத் தெரியலையா உனக்கு?”

கால் நின்றிருந்தது. பாட்டிலில் அலை இல்லாததைப் பசை கவனிக்கவில்லை. அந்த அட்டவணையைப் பற்றியே வந்திருந்த ஒரு கேள்விக்குப் பதில் ஒட்டிவிட வேண்டிய அவசரம் அவனுக்கு. “இதுக்கு எந்தப் பழைய பதிலும் பொருந்த மாட்டேங்குது. நீங்களே பாருங்க” என்று இவள் வரிசைக்குத் தள்ளிவிட்டான்.

எழுதியிருந்தவர் காத்திருத்தலைப் பற்றி ஆராய்கிறவராம். அப்படியும் ஒரு படிப்பு இருக்கிறது. ஆஸ்பத்திரி வரிசையில் உட்கார்ந்தே பட்டம் வாங்கிவிடுவார்கள் போல.

‘மதிப்பிற்குரிய உதவிக் குழுவினருக்கு, அருமையான தரவு. ஒரு சந்தேகம். அறுநூற்றுப் பதினாலாம் வரிக்குப் பிறகு, வியாழக்கிழமைகளில் மட்டும் இந்த நபர் மற்ற நாள்களைவிடச் சராசரியாக நாற்பத்தேழு நிமிடம் கூடுதலாகத் தாமதிக்கிறார். எழுபதுக்கும் மேற்பட்ட வியாழன்கள், ஏறக்குறைய விலக்கே இல்லை. அந்தச் சமயத்தில் உங்கள் பக்கம் ஏதாவது மாற்றினீர்களா?’

அவள் இரண்டு தடவை படித்தாள். பிறகு, ஐயாயிரம் பேர் அவளிடம் சொன்னதை அவளே டைப் அடித்தாள்: ‘ஒன்றும் மாற்றவில்லை.’ அனுப்பினாள். எழுந்து தண்ணீர் குடிக்கப் போனாள். குடிக்காமல் திரும்பி வந்தாள்.

வியாழக்கிழமை. மூன்று வருடம் அவள் கையாலேயே எழுதிய எண்கள். தாமதம் என்று பார்த்தாளே தவிர, கிழமை என்று பார்த்ததில்லை. யாரோ முகம் தெரியாத ஒருத்தர் வந்து, ‘அம்மா, உங்கள் வீட்டில் ஒரு கதவு திறந்து கிடக்கிறது’ என்று சொல்லிவிட்டுப் போன மாதிரி இருந்தது.

கேட்டுவிடலாம். எப்படிக் கேட்பது? ‘வியாழன் வியாழன் எங்க போறீங்க?’ என்றால், ‘உனக்கெப்படித் தெரியும்?’ என்பார். ஆயிரத்து நூற்றிருபத்தாறு வரியையும் காட்ட வேண்டும். ஐம்பத்து மூன்று பேரையும் சொல்ல வேண்டும். கேட்காமல் இருந்தாலோ, அந்த நாற்பத்தேழு நிமிடம் அவளை உட்கார விடாது. ஏற்கனவே உட்காரத் தெரியாதவள்.

திங்கட்கிழமை அவருடைய கருவிப் பையைச் சுத்தம் செய்கிறேன் பேர்வழி என்று கொட்டிப் பார்த்தாள். ஸ்பேனர், கிரீஸ் டப்பா, பாதி தீர்ந்த இருமல் மிட்டாய். செவ்வாய்க்கிழமை அவர் சட்டையை மோந்து பார்த்தாள். லிஃப்ட் வாசனைதான் அடித்தது. புதன்கிழமை சாப்பிடும்போது, வேறெங்கோ பார்த்துக்கொண்டு கேட்டாள்.

“நாளைக்கு என்ன வேலை உங்களுக்கு?”

“என்ன வேலை, லிஃப்ட்டுதான். மேல போகும், கீழ வரும்.”

“சாயங்காலம்?”

“சாயங்காலமும் அதேதான் பண்ணும்.” ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, “ஏன், எதாச்சும் வாங்கணுமா?” என்றார்.

“ஒண்ணும் வேண்டாம்.”

வியாழன் வந்தது. வியாழக்கிழமைகளில் அவளுக்கு வீட்டிலிருந்துதான் வேலை. வாசல் கதவைத் திறந்தால் நேரே அவளுடைய மேசை. அதற்குப் பின்னால் ஒரே ஒரு உள்ளறை, சமையலறை. அவ்வளவுதான் வீடு. ஆறு மணிக்கு எல்லாக் கிளைகளும் சேரும் கூட்டம் தொடங்கும். அரைமணி நேரம் என்று பேர். கேமராவை அணைக்கக் கூடாது என்பது டீம் லீடரம்மாவின் சட்டம்.

ஐந்து நாற்பதுக்குப் போன். “கிளம்பிட்டேன், இருபதே நிமிஷம்.”

ஆறு பத்துக்கு டீம் லீடரம்மா ஒரு படம் காட்டினார். ஆறு இருபதுக்கு, “ஒரு நிமிஷம், இதை மட்டும் சொல்லிடறேன்” என்றார். இவள் கண் திரையில், காது தெருவில். கால் மிதித்த மிதியில் கேமராவே ஆடியது. “உங்க படம் ஏன் நடுங்குது?” என்று யாரோ கேட்டார்கள். ஆறரைக்கு அவளால் முடியவில்லை. “நெட்வொர்க் சரியில்ல மேடம்” என்றாள். வாடிக்கையாளர் வாயிலிருந்து ஆயிரம் தடவை கேட்ட வசனம். சொல்வதற்கு இவ்வளவு சுகமாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது. அவர் வேலை செய்கிற இடத்துக்கே போய்ப் பார்த்துவிடுவது என்று செருப்பை மாட்டிக்கொண்டு கதவை வேகமாகத் திறந்தாள். திறந்த வேகத்தில் ஒரு முதுகு தடுக்கி விழப் பார்த்தாள்.

மேல்படியில், கருவிப் பையை மடியில் வைத்துக்கொண்டு, ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு அவர் உட்கார்ந்திருந்தார்.

“முடிஞ்சிருச்சா? சீக்கிரமா இருக்கே இன்னைக்கு” என்றார்.

“இங்க என்ன பண்றீங்க?”

“வியாழக்கிழமைல்ல? நீதானே வரக்கூடாதுன்ன.”

“நானா? எப்போ?”

“ஒண்ணரை வருஷம் ஆகப் போகுது. நீ வீட்டுலேருந்து வேலை பாக்க ஆரம்பிச்சப்போ. கிரீஸ் கையோட உள்ள வந்து சோப்பு எங்கன்னு கேட்டேன். உங்க ஆபீஸே பாத்துச்சு. அன்னைக்கு நீ கத்துன கத்துல எதிர்வீட்டுல டிவியை நிறுத்திட்டாங்க. மீட்டிங் முடியிற வரைக்கும் இந்தப் பக்கமே தலையக் காட்டாதீங்கன்ன. தலையை எங்க கொண்டுபோய் வைக்கிறது? இங்க வச்சிருக்கேன்.”

அறுநூற்றுப் பதினாலாம் வரி அவளுக்கு ஞாபகம் வந்தது. சோப்பும் வந்தது.

“சொல்லியிருக்கலாம்ல?”

“என்னத்தைச் சொல்றது? உள்ள வேலை நடக்குதுன்னு பலகை மாட்டியிருந்தா நாங்க கதவைத் தொறக்க மாட்டோம். எங்க தொழில்ல மொதப் பாடமே அதான்.” பையைத் தோளில் மாட்டினார். “ஆனா உங்க லீடரம்மா ‘ஒரு நிமிஷம்’னு சொன்னா பன்னெண்டு நிமிஷம் ஆகுது. நான் பாத்துட்டேதான் இருக்கேன்.”

அவள் படியிலேயே உட்கார்ந்தாள். அட்டவணையைப் பற்றிச் சொன்னாள், மஞ்சள் கோட்டைச் சொன்னாள், நடுகல்லைச் சொன்னாள். ஐம்பத்து மூன்று பேரைச் சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. அவர் போனை வாங்கி, கிரீஸ் விரலால் வரி வரியாகத் தள்ளிக்கொண்டே போனார். திட்டுவார் என்று பார்த்தாள். சிரிப்பார் என்றும் பார்த்தாள். அவர் பழுது பார்க்கிற முகத்தோடு ஒரு இடத்தில் நிறுத்தினார்.

“இது தப்பு. ஒரு லிஃப்ட்டுல தீப்பிடிச்சிச்சே, அன்னைக்கு நான் நேரத்துக்கு வந்துட்டேன். நீதான் குளிச்சிட்டிருந்த. பதினஞ்சு நிமிஷம் பெல் அடிச்சேன். இதை மாத்து.”

“மாத்த முடியாது. நிரந்தரம்.”

“அம்பத்து மூணு பேருக்கு நான் பொய்க்காரனா?”

“மிச்சம் ஆயிரத்துச் சொச்சம் வரியில?”

அவர் உள்ளே போய் சோப்பு தேடினார்.

அடுத்த நாள் பார்த்தால், ஆராய்ச்சிக்காரர் அதே கேள்வியை மறுபடி அனுப்பி, அது ஆரஞ்சும் ஆகியிருந்தது. அவள் எழுதினாள்: ‘முந்தைய பதிலைப் பொருட்படுத்த வேண்டாம். மாற்றியது எங்கள் பக்கம்தான். வியாழக்கிழமை நிமிடங்களை அந்த நபரின் கணக்கில் சேர்க்க வேண்டாம்.’ பசை எட்டிப் பார்த்துவிட்டு, “அக்கா, ‘எங்கள் பக்கம்’னு எழுதக் கூடாதுன்னு ரூல் இருக்கே. லீடரம்மா கொன்னுடுவாங்க” என்றான். “ஒரு நிமிஷம்தானே கொல்வாங்க” என்று சொல்லி அனுப்பிவிட்டாள். பன்னிரண்டு நிமிடம் கொன்றார்.

அடுத்த வியாழன் வருமுன் இருவருமாக மேசையைத் திருப்பிப் போட்டார்கள். இனி கேமராவில் தெரிவது சுவரும் ஒரு நாள்காட்டியும்தான். கிரீஸ் கையோடு யார் வந்து போனாலும் உலகத்துக்குத் தெரியாது. “இனிமே நேரா உள்ள வாங்க” என்றாள். “சரி” என்றார்.

ஐந்து நாற்பதுக்குப் போன். இருபதே நிமிஷம். ஆறு மணி. ஆறேகால். திரைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கதவை எட்டி எட்டிப் பார்த்துக் கழுத்து வலித்தது. ஆறு நாற்பது. பழக்கதோஷத்தில் படியில் உட்கார்ந்துவிட்டாரோ? “நெட்வொர்க், மேடம்” என்று எழுந்து போய்க் கதவைத் திறந்தாள்.

படியில் யாரும் இல்லை. ஷூவும் இல்லை.

கையில் போன் அடித்தது.

“தெருமுனையில நிக்கிறேன்” என்றார் அவர். பின்னால் யாரோ லிஃப்ட் கதவைத் தட்டுகிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

“சரி” என்றாள். அவர் கழற்றி வைக்கும் ஷூவுக்கு இடம் விட்டு மேல்படியில் உட்கார்ந்தாள். இருபத்தாறு நிமிடம். கால் ஆடத் தொடங்கியது.