டாக்டர்கள் நிறைந்த மண்டபத்தில் ஒரு கறிபாப் கோபுரம்

"இங்க டாக்டர் யாராவது இருக்கீங்களா?" என்று மண்டபம் அதிரக் கத்தியவன் நான்தான். அங்கே இருந்த அத்தனை பேர் கழுத்திலும் 'டாக்டர்' என்ற அட்டை தொங்கியது. ஒருத்தரும் அசையவில்லை. அட்டைகளை அச்சடித்து மாட்டிவிட்டவனும் நான்தான்.

இந்தத் துறைக்குப் புதிதாக வரும் பிள்ளைகள் அனுபவம் கேட்கிறார்கள். வெற்றிக் கதைகளை மற்றவர்கள் சொல்லட்டும். அந்தச் சரக்கு என்னிடம் கொஞ்சம் பற்றாக்குறை.

சுங்கை பட்டாணியில் மருத்துவ, அறிவியல் மாநாடுகளை நடத்த வாருங்கள் என்று ஊர் ஊராகக் கூப்பிடுவது என் வேலை. சிரமமான வேலை. பக்கத்திலேயே பினாங்கு, கடல் தெரிகிற ஓட்டல்களோடு உட்கார்ந்திருக்கிறது. எங்களிடம் இருந்தது புது மண்டபமும் தாராளமான பார்க்கிங்கும்தான். பார்க்கிங்கைப் பார்க்க எந்த டாக்டர் விமானம் ஏறி வருவார்?

அப்படியும் ஒரு நீரிழிவு மருத்துவர் சங்கத்தின் மாநாட்டைக் கேட்டு நான் போட்ட பிட் கடைசிச் சுற்றுக்கு வந்துவிட்டது. அடுத்தது சைட் இன்ஸ்பெக்‌ஷன். சங்கத்தின் சார்பில் யாழ்ப்பாணத்து டாக்டரம்மா ஒருவர் நேரில் வந்து மண்டபத்தைப் பார்ப்பார்.

மேனேஜர் குணா அண்ணன் என்னைக் கூப்பிட்டார். "தம்பி, இதுவும் போச்சுன்னா நம்ம டிப்பார்ட்மெண்ட மூடிருவாங்க லா. மண்டபம் காலியா கெடந்தா பேய் பங்களா மாதிரி இருக்கு. ஏதாச்சும் செய்யி."

செய்தேன். என் மூளை அன்றைக்கென்று பிரமாதமாக வேலை செய்தது. கோலா கெத்திலிலிருந்தும் பாக்கார் ஆராங்கிலிருந்தும் என் சொந்தக்காரர்களை வேனில் ஏற்றிவந்து, மண்டபத்தில் ஏற்கெனவே ஒரு மருத்துவப் பயிலரங்கு நடப்பதுபோல் உட்கார வைத்தேன். கல்யாணத்துக்குக் கூட்டம் சேர்க்கத் தெரிந்த குடும்பம், மாநாட்டுக்குச் சேர்க்காதா?

என் மாமியாரும் மாமாவோடு வந்திருந்தார். கையுறை ஃபேக்டரியில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்.

"மாப்ள, நான் என்ன டாக்டரு?"

"கண்ணு டாக்டர், அத்தை."

"அதுவும் சரிதான். ஒங்க மாமா என்னைய சரியா பாக்காம கட்டிக்கிட்டாருல்ல, இன்னிக்கி வைத்தியம் பாத்துர்றேன்."

எல்லாரும் சிரித்தார்கள். "யாராச்சும் எதாச்சும் கேட்டா சிரிங்க, வாய மட்டும் திறக்காதீங்க" என்று பாடம் நடத்தினேன். ஓரமாக பஃபே மேசை. தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக், குவே பலகாரங்கள், நடுவில் கறி அடைத்துப் பொரித்த கறிபாப்களை நானே அடுக்கிய கோபுரம். காலைப் பசியாற மண்டபத்திலேயே கொடுப்பார்கள் என்று சொல்லித்தான் எல்லாரையும் அழைத்து வந்திருந்தேன்.

டாக்டரம்மாவின் விமானம் தாமதம். விருந்தாளி கை நனைக்காமல் எங்கள் ஆட்கள் தட்டைத் தொட மாட்டார்கள். யாரும் சொல்லவே வேண்டாம், அது பழக்கம். அதையும் மீறி அத்தை ஒருமுறை என் சட்டையை இழுத்தார்.

"மாப்ள, ஒரு கறிபாப் மட்டும் எடுத்துக்கவா? தல ஒரு மாதிரியா இருக்கு."

"பொறுங்கத்தை. கோபுரம் கலஞ்சிரும்."

இந்த வார்த்தையை நான்தான் சொன்னேன். எழுதும்போதும் கை கூசுகிறது.

ஒருவழியாக டாக்டரம்மா வந்தார். மண்டபத்தைப் பார்த்ததும் அவர் முகம் மலர்ந்தது. குணா அண்ணன் எனக்குக் கண்ணடித்தார். டாக்டரம்மா நேராக அத்தையிடம் போய், "வணக்கம், நீங்கள் எந்த ஆஸ்பத்திரி?" என்றார். அத்தை நான் சொல்லிக்கொடுத்தபடி சிரித்தார். நெற்றியெல்லாம் வியர்வை, கை நடுங்கியது. சிரித்தபடியே நாற்காலியிலிருந்து சரிந்தார்.

அப்போதுதான் அப்படிக் கத்தினேன். அத்தனை டாக்டர்களும் தரையைப் பார்த்தார்கள். டாக்டரம்மா மட்டும் மண்டியிட்டார்.

"இவவுக்குச் சீனி வருத்தம் இருக்கோ?"

"காலையிலயே மாத்திரை போட்டுட்டா," என்றார் மாமா.

"சாப்பிட்டவவோ?"

மாமா என்னைப் பார்த்தார். நான் கோபுரத்தைப் பார்த்தேன்.

"கெதியா இனிப்புத் தண்ணி கொண்டு வாங்கோ!"

மேசையிலிருந்த சிராப் சர்பத் ஜாடியோடு ஓடினேன். நான் இடித்ததில் கோபுரம் சரிந்தது. கறிபாப்களை மிதித்துக்கொண்டுதான் ஓடினேன். மெல்ல மெல்லக் குடித்த பிறகு அத்தைக்குத் தெளிவு வந்தது. டாக்டரம்மா அத்தையின் கழுத்து அட்டையைப் புரட்டிப் படித்தார். "கண் வைத்தியரோ?"

"இல்லம்மா, நான் கையுறை ஃபேக்டரி," என்றார் அத்தை. "இவரு என் மருமவன். நல்ல பிள்ளம்மா. அந்த மாநாட்ட இவருக்கே குடுத்துருங்கம்மா."

என்னை அங்கேயே புதைத்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும்.

டாக்டரம்மா கோபப்படவில்லை. கார் ஏறும்போது சொன்னார்: "மண்டபம் நல்ல வடிவு, தம்பி. வெறுமையாக் காட்டியிருந்தாலும் எனக்குப் பிடிச்சிருக்கும். ஆனா சீனி வருத்தக்காரியப் பட்டினி போட்டிட்டு, சீனி மாநாடு கேக்கிறியள்."

மாநாடு கிடைக்கவில்லை. டிப்பார்ட்மெண்ட்டை மூடவில்லை, ஆளில்லாத மூலைக்கு மாற்றினார்கள். அங்கிருந்தே பிறகு சில சின்னக் கருத்தரங்குகளைப் பிடித்தோம். இப்போது சைட் இன்ஸ்பெக்‌ஷனுக்கு வருபவர்களிடம் காலி மண்டபத்தைக் காலியாகவே காட்டுகிறேன். அவர்கள் வருமுன் நாற்காலி தூக்குகிறவர்கள் முதல் எல்லாரும் பசியாறியாக வேண்டும். புதியவர்களுக்கு என்னிடம் இருக்கிற பாடம் அவ்வளவுதான்.

அத்தை வீட்டில் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் அந்த அட்டை இன்னும் தொங்குகிறது. "கழட்டிப் போடுங்கத்தை" என்று கெஞ்சிப் பார்த்தேன்.

"எதுக்கு மாப்ள? எனக்குன்னு ஒரு பட்டம் வாங்கிக் குடுத்தது நீங்க மட்டுந்தானே?"

கேலி செய்கிறாரா என்று முகத்தைப் பார்த்தேன். கேலி இல்லை. தட்டில் கறிபாப் வைத்து, "முதல்ல நீங்க சாப்டுங்க" என்று என் பக்கம் தள்ளினார்.